சொன்னது ஒரு வட்டி, பிடிப்பது ஒரு வட்டி: தனியார் கல்விக் கடனில் கணக்குக் கேட்பது எப்படி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் காலேஜ் ஏஜென்ட்டும் லோன் ஏஜென்ட்டும் ஒன்றாகவே வந்து இறங்குகிறார்கள். பெங்களூரில் சீட் இருக்கிறது, லோனையும் நாங்களே முடித்துத் தருகிறோம், வட்டி பதினொன்றரைதான், அப்பா கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். போனுக்கு வந்த ஓடிபியைச் சொல்லி, டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போட்டு, வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் ஒருநாள், பிள்ளை இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருக்கும்போது, ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பார்த்தால் 13.25 சதவீதம் என்று இருக்கும். யாரும் போன் பண்ணவில்லை, கடிதம் வரவில்லை, ஒரு மெசேஜ்கூட இல்லை.

நம் ஊரில் இதற்கு அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா ஒருநாள் வேலையைப் போட்டுவிட்டு ஓசூருக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறுவார், கிளையில் மேனேஜர் முன்னால் நின்று "சார், கொஞ்சம் பாத்து கொறச்சுக் குடுங்க" என்பார், "சிஸ்டத்துலயே அப்படித்தான் வருது, எங்க கையில எதுவும் இல்ல" என்று பதில் வரும், திரும்பி வந்துவிடுவார். அந்தப் பேச்சு நடந்ததற்கு எங்கேயும் தடயம் கிடையாது. இந்தக் குடும்பம் ஆட்சேபித்தது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், உயர்த்தியதற்குக் கணக்குக் கேளுங்கள். எந்தத் தேதியில் உயர்த்தினீர்கள், ஒப்பந்தத்தின் எந்தப் பத்தி அதை அனுமதிக்கிறது, எனக்கு எப்போது எப்படித் தெரிவித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். குறைக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடலாம். கணக்குக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும், பதில் சொல்லாவிட்டால் அதுவே உங்கள் புகாருக்கு ஆதாரம்.

இதற்குச் சட்டப்படியும் ஒரு காரணம் இருக்கிறது. வங்கிகள், நிதி நிறுவனங்கள் மீது வரும் புகார்களை விசாரிக்கும் ஆர்பிஐ ஆம்புட்ஸ்மேன், "வட்டி அதிகமாக இருக்கிறது" என்ற புகாரை எடுத்துக்கொள்ள மாட்டார். எந்த வட்டிக்குக் கடன் கொடுப்பது என்பது அந்த நிறுவனத்தின் வணிக முடிவு, அது அவருடைய வரம்புக்குள் வராது. தனியார் நிதி நிறுவனங்கள் இவ்வளவுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்று ஆர்பிஐ உச்சவரம்பும் வைக்கவில்லை. ஆனால் எழுதிக் கொடுத்தது ஒன்று பிடிப்பது ஒன்று, தெரிவிக்காமல் உயர்த்தினார்கள், பின்தேதியிட்டு உயர்த்தினார்கள் என்றால் அது சேவைக் குறைபாடு, அதை அவர் விசாரிப்பார். ஆக, ஒரே கஷ்டத்தை எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் புகார் நிற்பதும் விழுவதும்.

முதலில் காகிதங்கள்

போன் பண்ணுவதற்கு முன்னால் நான்கு காகிதம் கையில் இருக்க வேண்டும். கடன் ஒப்புதல் கடிதம், அதாவது சாங்ஷன் லெட்டர். முழுக் கடன் ஒப்பந்தம், கடைசியில் இருக்கும் இணைப்புகளோடு. கடன் கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை உள்ள முழு ஸ்டேட்மென்ட். அப்புறம் முக்கிய விவர அறிக்கை, கேஎஃப்எஸ் என்பார்கள்.

இந்தக் கேஎஃப்எஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு ஒப்புதலான கடனாக இருந்தால் உங்கள் பலமான ஆயுதம் இதுதான். அந்தத் தேதியிலிருந்து புதிதாகக் கொடுக்கும் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும், வங்கியானாலும் நிதி நிறுவனமானாலும், இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ஆர்பிஐ விதி. வட்டி எவ்வளவு, நிலையானதா மாறக்கூடியதா, மாறக்கூடியது என்றால் எந்த அடிப்படை விகிதம், அதன் மேல் எவ்வளவு சேர்க்கிறார்கள், பிராசஸிங் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தால் ஒரு வருஷத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அதை அவருக்கு விளக்கி, புரிந்துகொண்டார் என்று ஒப்புதலும் வாங்க வேண்டும். அதில் எழுதாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. நல்லம்பள்ளியில் விவசாயம் பார்க்கும் அப்பாவிடம் பதினெட்டுப் பக்கம் ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டு ஓடிபி வாங்கியிருந்தால், அந்த விஷயத்தையும் புகாரில் ஒரு வரி எழுதுங்கள்.

அதற்கு முந்தைய கடன் என்றால் சாங்ஷன் லெட்டரும் ஒப்பந்தமும்தான் ஆதாரம். ஒப்பந்த நகல் எங்களிடம் இல்லையே என்பீர்கள், பல வீட்டில் அதுதான் நிலைமை. கவலைப்பட வேண்டாம். நிதி நிறுவனங்களுக்கு ஆர்பிஐ வகுத்த நியாய நடைமுறை விதிகளின்படி, ஒப்பந்த நகலை எல்லா இணைப்புகளோடும் கடன்தாரருக்கு அவர்கள் கொடுத்திருக்க வேண்டும். பழைய மெயிலில் தேடிப் பாருங்கள், மின்னணுக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு ஒரு பிடிஎஃப் வந்திருக்கும். பிள்ளையின் மெயில், அப்பாவின் மெயில், சில சமயம் ஏஜென்ட் தானாகவே உருவாக்கிக் கொடுத்த மெயில், மூன்றையும் பாருங்கள். எதிலும் இல்லை என்றால் நகல் கேட்டு மெயில் போடுங்கள்.

ஏஜென்ட் வாட்ஸப்பில் "11.5% சார்" என்று அனுப்பியிருந்தால் அதை அழிக்காதீர்கள், தேதியும் நம்பரும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதை மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது, கையெழுத்துப் போட்ட காகிதம்தான் முன்னால் நிற்கும். ஆனால் சாங்ஷன் லெட்டரிலும் அதே 11.5 இருந்தால் இரண்டும் சேர்ந்து கனமாகிவிடும்.

உண்மையில் வட்டி உயர்ந்ததா?

இதை நிதானமாகச் செய்ய வேண்டும். வட்டித் தொகை கூடினாலே வட்டி விகிதம் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது, இந்த இடத்தில் தப்பாகக் கணக்குப் போட்டு எழுதினால் உங்கள் நல்ல வாதத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

கல்விக் கடனை மொத்தமாகக் கொடுக்க மாட்டார்கள், ஃபீஸ் கட்ட வேண்டிய ஒவ்வொரு முறையும் ஒரு தவணையாகக் காலேஜுக்கு அனுப்புவார்கள். முதல் வருஷம் 2 லட்சத்துக்கு வட்டி, இரண்டாம் வருஷம் 4 லட்சத்துக்கு வட்டி, தொகை தானாகவே இரட்டிப்பாகும். இது உயர்வு கிடையாது. அதேபோல நாள் கணக்கில் வட்டி போடும் நிறுவனத்தில் 31 நாள் மாதத்துக்கும் பிப்ரவரிக்கும் வட்டி வேறுபடும். 6 லட்சம் அசல், 13.25 சதவீதம் என்றால் 31 நாளுக்கு 6,752 ரூபாய், 28 நாளுக்கு 6,099 ரூபாய். விகிதம் ஒன்றேதான்.

விகிதத்தைக் கண்டுபிடிக்க போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும். அந்த மாதம் பிடித்த வட்டியை 365-ஆல் பெருக்குங்கள். அசல் நிலுவையையும் அந்த மாதத்து நாட்களையும் தனியாகப் பெருக்குங்கள். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் அவர்கள் போடும் உண்மையான விகிதம் வந்துவிடும். மேலே சொன்ன 6,752 ரூபாய்க்குப் போட்டுப் பாருங்கள், 13.25 வரும். மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கணக்குப் போடும் நிறுவனமாக இருந்தால் மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கி, அசலால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் போதும். இப்படி ஒவ்வொரு மாதமும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தால், எந்த மாதம் விகிதம் எகிறியது என்பது பளிச்சென்று தெரியும். அந்தத் தேதிதான் உங்களுக்கு வேண்டியது.

சரி, எகிறியது உறுதி. ஏன் எகிறியது? காரணம் பலவாக இருக்கலாம், அதில் சில நியாயமானவை.

முதல் காரணம் அடிப்படை விகிதம். மாறக்கூடிய வட்டி என்றால் அது இரண்டு துண்டு: ஓர் அடிப்படை விகிதம், அதன் மேல் அவர்கள் வைக்கும் கூடுதல், ஸ்ப்ரெட் என்பார்கள். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தனிநபருக்குக் கொடுக்கும் மாறும் வட்டிக் கடனை, ஆர்பிஐ வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோடுதான் இணைக்க வேண்டும். ரெப்போவின் கதை எல்லோரும் பார்க்கக்கூடியது: 2022 மே மாதம் 4 சதவீதத்திலிருந்து ஏற ஆரம்பித்து 2023 பிப்ரவரியில் 6.50-க்கு வந்தது, அடுத்த இரண்டு வருஷம் அசையவே இல்லை, 2025 பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.50, டிசம்பரில் 5.25 என்று இறங்கியது. ஆகவே ரெப்போவோடு இணைத்த வங்கிக் கடன் 2024-லோ 2025-லோ ஏறியிருந்தால் "ஆர்பிஐ ஏத்திட்டாங்க" என்ற பதில் செல்லாது. ஏறியது ஸ்ப்ரெட்தான். வங்கி நினைத்தபோதெல்லாம் அதை ஏற்ற முடியாது, அதில் உங்கள் கடன் அபாயத்துக்கான பகுதியை உயர்த்த வேண்டும் என்றால் உங்கள் கடன் மதிப்பீட்டில் பெரிய மாற்றம் வந்திருக்க வேண்டும். அந்த மாற்றம் என்ன என்று கேளுங்கள்.

நிதி நிறுவனங்களுக்கு இந்த வெளி அளவுகோல் கட்டாயம் கிடையாது. அவர்களே ஒரு விகிதத்தை நிர்ணயித்து, பிஎல்ஆர் என்றோ வேறு பெயரிலோ வைத்துக்கொள்வார்கள். தனியார் கல்விக் கடனில் முக்கால்வாசிச் சிக்கல் இங்கேதான் என்பது என் எண்ணம், ஏனென்றால் நாடு முழுக்க வட்டி இறங்கும்போதும் இந்த விகிதம் ஏறலாம். அப்படி ஏறியிருந்தால் எந்தத் தேதியில் நிறுவனம் அதை மாற்றியது, இணையதளத்தில் எப்போது போட்டது, உங்களுக்கு எப்போது தெரிவித்தது என்ற மூன்றையும் கேட்க வேண்டும். மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும், மாற்றம் வரும் நாளிலிருந்துதான் செல்ல வேண்டும், பின்தேதியிட்டுப் போடக்கூடாது என்பது நியாய நடைமுறை விதியிலேயே இருக்கிறது.

இரண்டாவது, சலுகை போய்விடுவது. படிக்கும் காலத்தில் மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டினால் இவ்வளவு குறைப்பு, பெண் பிள்ளை என்றால் இவ்வளவு குறைப்பு, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க அனுமதி கொடுத்தால் இவ்வளவு குறைப்பு என்று பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. ஏஜென்ட் சொன்ன 11.5 என்பது இந்தச் சலுகையெல்லாம் கழித்த பிறகு உள்ள விகிதமாக இருக்கலாம். இடையில் ஒரு மாதம் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பியிருந்தால் சலுகையை எடுத்திருப்பார்கள். மாங்காய் சீசனில் ஒரே நேரத்தில் பணம் வரும், பட்டுக்கூடு விற்றால்தான் பணம் வரும் என்கிற குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கும், ஐந்தாம் தேதி வட்டி பிடிக்கிற நாளில் கணக்கு காலியாக இருக்கும். அப்படியானால் சலுகையைப் பறிக்கும் நிபந்தனை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அதை எதிர்த்துப் புகார் எழுதுவதில் பயனில்லை, இனி ஒழுங்காகக் கட்டுகிறோம், சலுகையைத் திரும்பக் கொடுங்கள், பிடிக்கும் தேதியை மாற்றுங்கள் என்று தனியாகக் கேளுங்கள்.

மூன்றாவது, அபராதம் வட்டி வேஷத்தில் வருவது. தாமதமானால் அபராத வட்டி என்று விகிதத்தின் மேலேயே இரண்டு சதவீதம் ஏற்றுவது பழைய வழக்கம். 2023 ஆகஸ்ட் 18 அன்று ஆர்பிஐ இதை மாற்றியது, புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அபராதம் தனிக் கட்டணமாகத்தான் இருக்க வேண்டும், வட்டி விகிதத்தோடு சேர்க்கக்கூடாது, அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி போடக்கூடாது. உங்கள் ஸ்டேட்மென்ட்டில் ஒரு தாமதத்துக்குப் பிறகு விகிதமே ஏறி அப்படியே நின்றுவிட்டது என்றால் இதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

நான்காவது, விகிதம் அப்படியே இருந்து கணக்குப் போடும் முறை மாறியிருப்பது. இது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கனமான அடி இதுதான். படிக்கும் காலத்தில் வட்டி கட்டாமல் விட்டால் அது சேர்ந்துகொண்டே போகும். வங்கிகள் பின்பற்றும், வங்கிகளின் சங்கமான ஐபிஏ வகுத்த மாதிரித் திட்டத்தில் அந்தக் காலம் முழுக்கத் தனிவட்டிதான், தவணை ஆரம்பிக்கும்போதுதான் சேர்ந்த வட்டியை அசலோடு சேர்ப்பார்கள். தனியார் நிதி நிறுவனம் அந்தத் திட்டத்துக்குக் கட்டுப்பட்டதில்லை, மாதாமாதம் அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடலாம், ஒப்பந்தம் அனுமதித்தால். 6 லட்சம், 13.25 சதவீதம், 36 மாதம் என்று வைத்துக்கொண்டால் தனிவட்டி 2,38,500 ரூபாய். மாதக் கூட்டுவட்டி என்றால் கிட்டத்தட்ட 2,91,000 ரூபாய். வித்தியாசம் ஐம்பதாயிரத்துக்கும் மேலே. ஒப்பந்தத்தில் தனிவட்டி என்று போட்டிருக்கிறதா, கூட்டுவட்டி என்று போட்டிருக்கிறதா என்று ஒரு வார்த்தையைத் தேடிப் பார்ப்பதற்கு இந்தத் தொகை போதுமான காரணம்.

இன்னொரு சின்ன விஷயம்: பணம் காலேஜுக்குப் போன நாளிலிருந்துதான் வட்டி ஓட வேண்டும். கடன் ஒப்புதலான நாளிலிருந்தோ ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்தோ வட்டி பிடித்தவர்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2024 ஏப்ரல் 29 அன்று ஆர்பிஐ சுற்றறிக்கையே விட்டது. காலேஜ் ரசீதில் உள்ள தேதியையும் ஸ்டேட்மென்ட்டில் உள்ள தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேஎஃப்எஸ்-இல் இருக்கும் ஏபிஆர் என்ற எண்ணைப் பார்த்துவிட்டு வட்டி உயர்ந்துவிட்டதாகப் பதறுபவர்களும் உண்டு. அது கட்டணங்களையும் சேர்த்த மொத்தச் செலவு, வட்டியைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

தவணையை நிறுத்தாதீர்கள்

கோபத்தில் எல்லோரும் முதலில் செய்ய நினைப்பது இதைத்தான், "சரியாகிற வரைக்கும் கட்ட மாட்டேன்". தயவுசெய்து வேண்டாம். ஒரு தவணை திரும்பினால் பவுன்ஸ் கட்டணம், அபராதம், பிள்ளையின் சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் மதிப்பெண்), கூடவே இணைக் கடன்தாரர் அப்பாவின் சிபில், எல்லாம் போகும். நாளைக்கு அப்பா டிராக்டருக்கோ போர்வெல்லுக்கோ லோன் கேட்டுப் போனால் இந்தக் கறை அங்கே வந்து நிற்கும். இன்னொன்றும் இருக்கிறது: நீங்கள் கட்டாமல் விட்ட அன்றிலிருந்து பேச்சு அவர்கள் உயர்த்திய வட்டியை விட்டுவிட்டு உங்கள் பாக்கியைப் பற்றியதாக மாறிவிடும். கட்டுங்கள், கட்டும்போதே "கூடுதல் வட்டியை ஆட்சேபித்தபடியே செலுத்துகிறேன், இதை நான் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக்கூடாது" என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். அது போதும்.

கடிதம்

நிறுவனத்தின் இணையதளத்தில் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரும் மெயிலும் இருக்க வேண்டும் என்பது விதி, தேடினால் கிடைக்கும். கஸ்டமர் கேருக்கு அனுப்பாமல் அங்கே அனுப்புங்கள். ஒரு நகலை ஸ்பீட் போஸ்ட்டில் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கிளையில் நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். தமிழில் எழுதலாம், தப்பே இல்லை. இப்படி:

"ஐயா, என் கல்விக் கடன் கணக்கு எண் (எண்ணை எழுதவும்). 2023 ஜூலை 10 தேதியிட்ட ஒப்புதல் கடிதத்தில் வட்டி ஆண்டுக்கு 11.50 சதவீதம் என்று உள்ளது. ஸ்டேட்மென்ட்டின்படி 2024 நவம்பர் 1 முதல் 13.25 சதவீதம் பிடிக்கப்படுகிறது. இந்த மாற்றம் பற்றி எனக்கோ இணைக் கடன்தாரரான என் தந்தைக்கோ கடிதம், மெயில், குறுஞ்செய்தி எதுவும் வரவில்லை.

கீழ்க்கண்டவற்றை எழுத்துமூலம் தெரிவிக்கவும்: வட்டி மாற்றப்பட்ட தேதி; அதை அனுமதிக்கும் ஒப்பந்தப் பத்தி; அடிப்படை விகிதம் எவ்வளவு, ஸ்ப்ரெட் எவ்வளவு, கடன் கொடுத்த நாளிலும் இன்றும்; எனக்குத் தெரிவித்ததற்கான சான்று. ஒப்பந்தத்தின் முழு நகலும், தொடக்கம் முதல் இன்றுவரையிலான ஸ்டேட்மென்ட்டும் அனுப்பவும்.

ஒப்பந்தப்படி இந்த உயர்வுக்கு இடமில்லை எனில், 6,00,000 ரூபாய் அசலுக்கு மாதம் 875 ரூபாய் வீதம் கூடுதலாகப் பிடித்த தொகையை, பிடித்த நாளிலிருந்தே அசலில் வரவு வைத்து, திருத்திய தவணை அட்டவணை தரவும். இதை முறையான புகாராகப் பதிவு செய்து புகார் எண் தரவும்."

இவ்வளவுதான். ஏழ்மை, அம்மாவின் உடல்நிலை, இரண்டு வருஷமாக மழை இல்லை, எல்லாம் உண்மையாக இருக்கும், ஆனால் இந்தக் கடிதத்தில் வேண்டாம். அவற்றை எழுதினால் இது கருணை மனுவாகி, கருணை மனுவுக்குரிய பதில்தான் வரும். 875 என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், 6 லட்சத்துக்கு 13.25 சதவீதத்தில் மாத வட்டி 6,625, 11.50-இல் 5,750, வித்தியாசம் 875. உங்கள் எண்ணை நீங்கள் இப்படிப் போட்டுக்கொள்ளுங்கள். தொகையைக் குறிப்பிட்டுக் கேட்ட கடிதத்துக்கும் பொதுவாகப் புலம்பிய கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம் பதிலிலேயே தெரியும்.

மாறும் வட்டியில் மாதத் தவணை கட்டும் கடன் என்றால், 2023 ஆகஸ்ட் 18 அன்றே வந்த இன்னொரு ஆர்பிஐ உத்தரவும் உங்கள் பக்கம் இருக்கிறது. அடிப்படை விகிதம் மாறி தவணையோ காலமோ கூடினால் உடனே தெரிவிக்க வேண்டும், மாதத் தொகையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதுவரை வசூலித்த அசல், வட்டி, மீதித் தவணைகள், வருடாந்திர வட்டி விகிதம் எல்லாம் உள்ள அறிக்கை கொடுக்க வேண்டும். இந்த அறிக்கை உங்களுக்கு எப்போதாவது வந்ததா? வரவில்லை என்றால் கடிதத்தில் சேருங்கள்.

பதிலுக்குப் பெரும்பாலும் ஒரு போன்தான் வரும். மரியாதையாகப் பேசுங்கள், "நீங்க சொன்னதை அப்படியே மெயில்ல அனுப்புங்க சார்" என்று முடியுங்கள். சிலர் இன்னொன்று சொல்வார்கள்: ஒரு கட்டணம் கட்டுங்கள், வட்டியைக் குறைத்துத் தருகிறோம் என்று. இனிமேல் குறைவது நல்லதுதான், ஆனால் இதுவரை கூடுதலாகப் பிடித்ததை விட்டுக்கொடுக்கும் வாசகம் அந்தப் படிவத்தில் ஒளிந்திருக்கிறதா என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

30 நாள் ஆன பிறகு

புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ஆர்பிஐ ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் என்ற தளத்தில் பதிவு செய்யலாம், அல்லது சண்டிகரில் உள்ள ஆர்பிஐயின் புகார் பெறும் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். சந்தேகம் இருந்தால் 14448 என்ற இலவச எண். தாமதம் செய்யாதீர்கள், காலக்கெடு உண்டு. நிறுவனத்துக்குக் கொடுக்காமல் நேரடியாக இங்கே வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், 30 நாளுக்கு முன்னால் வந்தாலும் அதே கதி. அதனால்தான் அந்தப் புகார் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்கச் சொன்னேன். புகாரின் முதல் வரியிலேயே "தெரிவிக்காமலும் ஒப்பந்தத்துக்கு மாறாகவும் வட்டி பிடித்தது" என்று எழுதுங்கள், "அநியாய வட்டி" என்று எழுதாதீர்கள்.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வங்கிக் கடன் என்றால் கொடுக்கலாம், மனு, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் போகும், கிளையை ஒரு தட்டு தட்டுவார். ஓசூரிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருக்கும் தனியார் நிதி நிறுவனம் என்றால் அந்த மனுவால் பெரிதாக நகராது, ஒருநாள் கூலிதான் போகும். கந்துவட்டிச் சட்டத்தில் போலீஸ் புகார் கொடுங்கள் என்ற யோசனையும் வரும். ஆர்பிஐயில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களுக்கு மாநில வட்டிக்கடைச் சட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதமே தீர்ப்பளித்துவிட்டது, அந்த வழியில் நேரத்தை விடாதீர்கள். பதிவே இல்லாத நிறுவனம் அல்லது ஆப் என்றால் அது முற்றிலும் வேறு விஷயம், அப்போது போலீஸும், இப்படிப்பட்ட நிறுவனங்கள் மீது புகார் வாங்கும் ஆர்பிஐயின் சச்சேத் தளமும்தான் வழி. பதிவு இருக்கிறதா என்று ஆர்பிஐ இணையதளத்தின் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் விளம்பரத்தில் வரும் பெயர் ஒன்றாகவும் ஒப்பந்தத்தில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருப்பது சகஜம். புகார் ஒப்பந்தத்தில் உள்ள பெயர் மீதுதான்.

மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் மும்பையில் இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், நீங்களே வாதாடலாம். ஆனால் இங்கே வழக்குப் போட்டுவிட்டு அதே விஷயத்துக்கு ஆம்புட்ஸ்மேனிடம் போக முடியாது, ஆகவே முதலில் ஆம்புட்ஸ்மேன், அப்புறம் இது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வது என்று குழப்பமாக இருந்தால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும், எண் 15100.

ஒப்பந்தம் அவர்கள் பக்கம் இருந்தால்

இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லாம் படித்துப் பார்த்த பிறகு, உயர்த்த அவர்களுக்கு உரிமை இருந்தது, மெயிலும் வந்திருக்கிறது, ஸ்பாம் பெட்டியில் கிடந்தது என்று தெரிய வரலாம். அப்போது சண்டையை விட்டுவிட்டுக் கடனை மாற்றப் பாருங்கள். தனிநபர் ஒருவர் வியாபாரத்துக்கு அல்லாமல் வாங்கிய மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதக் கட்டணம் வாங்கக்கூடாது, வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் இது பொருந்தும். கேட்டால் இந்த விதியைச் சொல்லுங்கள். வேறு வங்கி கடனை எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டால் 13.25-இலிருந்து இறங்கிவிடலாம். பிள்ளைக்கு வேலை கிடைத்து சம்பளச் சீட்டு வந்த பிறகு இது இன்னும் சுலபம். கடனோடு சேர்த்துத் தலையில் கட்டிய இன்சூரன்ஸ் பாலிசி கைக்கு வந்து 30 நாள் தாண்டவில்லை என்றால் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கவும் வழி இருக்கிறது, அந்தப் பணத்தை நேராக அசலில் கட்டுங்கள்.

ஜெயித்தவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கும். "சரிசெய்துவிட்டோம்" என்று மெயில் வந்தவுடன் விட்டுவிடாதீர்கள். அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் பழைய விகிதம் வந்திருக்கிறதா என்று அதே கால்குலேட்டர் கணக்கைப் போடுங்கள், கூடுதலாகப் பிடித்தது அசலில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள், வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கும் தொகையையும் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள், இது தனி உத்தரவு என்பதால் மறந்துவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்து பிள்ளை, அப்பா இருவரின் சிபில் அறிக்கையையும் எடுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். இடைப்பட்ட காலத்தில் தாமதம் என்று ஏதாவது தவறாகப் பதிவாகியிருந்தால் அதைத் திருத்தச் சொல்லித் தனி மனு போடுங்கள், 30 நாளில் திருத்தாவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும்.